மூடிய வகுப்பறையும் மகளின் பைக்குள் வைத்த மீட்டரும்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகளைப் பற்றி ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சுமார் 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை. 40 பிள்ளைகள், ஓர் ஆசிரியை. இந்தக் கல்வியாண்டில் இரண்டு ஸ்ப்ளிட் ஏசி பொருத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஜன்னல்கள் திறக்கப்படுவதில்லை. மதியம் நெருங்கும்போது மகளுக்குத் தலைவலி, தூக்கக் கலக்கம். விடுமுறை நாட்களில் இந்தத் தொல்லை இல்லை. தாய் ஒரு சிறிய காற்றுத் தர மீட்டர் வாங்கி, பள்ளிக்குச் சொல்லாமல் மகளின் பையில் ஒருநாள் வைத்து அனுப்பினார். அதிகபட்சமாகக் கரியமில வாயு 2,840 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு), பிஎம் 2.5 எனும் நுண்துகள் கன மீட்டருக்கு 38 மைக்ரோகிராம், டிவிஓசி (காற்றில் கலந்த வேதி ஆவிகளின் மொத்தம்) கட்டத்தில் சிவப்பு எச்சரிக்கை. அதைப் படம் பிடித்துத் தலைமை ஆசிரியருக்கு அனுப்பியதும் பேச்சு தடித்துவிட்டது. “அனுமதி இல்லாமல் கருவி வைத்தது தவறு. ஏசி இருக்கிறது, காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று இருக்கிறது, செடிகள் வைத்திருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் சாலைப் புழுதிதான் வரும்” என்பது பள்ளியின் பதில். தாய் கேட்பவை மூன்று: அந்தக் காற்று விஷமா? ஆய்வகத்தை அழைத்து எல்லாவற்றையும் சோதிக்க வேண்டுமா? இந்த அளவீட்டை வைத்துப் புகார் கொடுத்தால் நிற்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சந்தேகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் சாட்சிதான் பலவீனமானது. ஒருநாள் உச்ச எண் ஒன்றை வைத்து எந்த அறையையும் குற்றம் சொல்ல முடியாது, விடுவிக்கவும் முடியாது. ஒரு வாரம் முழுக்க அளந்த வரைபடத்தின் வடிவத்தோடு மோதுவது கடினம். அதைப் பள்ளியோடு சேர்ந்து எடுப்பதுதான் உங்களுக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கக்கூடிய வழி.

அந்த 2,840 எதைச் சொல்கிறது

முதல் கேள்விக்கு நேர் பதில்: விஷம் இல்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியில் எட்டு மணி நேர வேலைக்கான கரியமில வாயு வரம்பே 5,000 பிபிஎம். வகுப்பறையில் இந்த வாயுவை அளப்பது விஷத்தைத் தேடுவதற்காக அல்ல, அறைக்குள் எவ்வளவு வெளிக்காற்று வருகிறது என்று கணக்கிடுவதற்காக. வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம். நாம் விடும் மூச்சில் 38,000-க்கும் மேல். அடுப்போ ஜெனரேட்டரோ அருகில் இல்லாத அறையில், 420-க்கு மேல் காட்டும் மிகுதி எல்லாம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சுதான். 2,300 பிபிஎம் உள்ள அறையில் ஒரு பிள்ளை இழுக்கும் காற்றில் ஏறக்குறைய 20-இல் ஒரு பங்கு, சற்று முன்பு வேறு யாருடைய நுரையீரலிலோ இருந்தது. சளி, காய்ச்சல் பரவும் காலத்தில் இது என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அறைக்காற்றுக்கு 1,000 பிபிஎம் என்ற எல்லைக்கோடு புதியதல்ல; மியூனிக் நகரில் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே முன்வைத்தது. “1,000-ஐத் தாண்டினால் சட்டவிரோதம்” என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி உலகம் முழுமைக்கும் ஒரு சட்டம் இல்லை. இங்கிலாந்தின் பள்ளிக் கட்டடங்களுக்கான 2018 வழிகாட்டி, ஜன்னல் வழியாகக் காற்று வரும் வகுப்பறைக்கு நாள் சராசரி 1,500-க்குக் கீழ் என்றும், தொடர்ந்து 20 நிமிடங்களுக்கு மேல் 2,000-ஐத் தாண்டக் கூடாது என்றும் வைத்திருக்கிறது. விசிறி வைத்து வெளிக்காற்றைக் கொண்டுவரும் அறைக்கு இதே கணக்கு 1,000, 1,500. ஜெர்மனியில் 1,000 வரை கவலையில்லை, 2,000-க்கு மேல் ஏற்கத்தக்கதல்ல, இடைப்பட்டது கவனிக்க வேண்டியது. நீங்கள் இருக்கும் இடத்தில் தனி விதி இருந்தால் அதுவே முதன்மை. இல்லையென்றால் இந்த எண்களை அளவுகோலாக மட்டும் காட்டுங்கள், சட்டமாகக் காட்டாதீர்கள்.

இன்னொன்று. கரியமில வாயுவே மூளையை மந்தமாக்குகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அறை வெப்பம், வியர்வை வாடை, தூசி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் கூடவே வருகின்றன. ஆகவே “2,840-தான் என் மகளின் தலைவலிக்குக் காரணம்” என்று எழுத வேண்டாம். “அறைக்குப் போதிய வெளிக்காற்று வரவில்லை என்று இந்த எண் காட்டுகிறது” என்று எழுதுங்கள்.

பைக்குள் எடுத்த அளவு ஏன் நிற்காது

மூடிய பைக்குள் காற்று மெதுவாகத்தான் மாறும். பசை, பேனா மை, சாப்பாட்டு டப்பா எல்லாம் பக்கத்தில். டிவிஓசி சிவப்பானதற்கு அதுவே போதும். பையைத் திறந்து குனிந்து பார்க்கும்போது உங்கள் மகளின் மூச்சு நேராக சென்சாரில் பட்டால் எண் நொடியில் ஆயிரக்கணக்கில் எகிறும். அதுதான் அன்றைய உச்சமாகப் பதிவாகியிருக்கலாம்.

மீட்டரையே முதலில் சோதியுங்கள். அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் சென்சார் ஒருவகை. விவரத் தாளில் என்டிஐஆர் என்று இருக்கும். மலிவான பல கருவிகளில் அது கிடையாது. அவை பொதுவாக வேதி ஆவிகளை உணரும் சென்சாரிலிருந்து ஓர் எண்ணை ஊகித்து, கரியமில வாயு என்று திரையில் போட்டுவிடும். கண்டுபிடிப்பது எளிது: கைக்குச் சானிடைசர் தடவி, மூச்சுப் படாமல் கையை மட்டும் மீட்டருக்கு அருகில் கொண்டுபோங்கள். எண் தாவினால் அது ஊகிக்கும் ரகம், தூக்கி வைத்துவிடுங்கள். அசையாமல் இருந்தால் அடுத்த சோதனை: வெளியே, நிழலில், ஆட்களும் வண்டிகளும் இல்லாத இடத்தில் அரை மணி நேரம் வையுங்கள். 400 முதல் 470-க்குள் வந்து நின்றால் நம்பலாம்.

பல கருவிகள் தாமாகவே தங்களைத் திருத்திக்கொள்ளும். கடந்த ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவுதான் வெளிக்காற்று என்று அவை எடுத்துக்கொள்கின்றன. ஒருபோதும் காற்றாடாத அறையிலேயே கிடக்கும் மீட்டர் நாளடைவில் குறைத்துக் காட்டத் தொடங்குவது இதனால்தான். வாரம் ஒருமுறை வெளியே கொண்டுபோய் வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

எப்படி அளப்பது

பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது மூக்கு இருக்கும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 1 மீட்டரில், யாரிடமிருந்தும் குறைந்தது 1 மீட்டர் தள்ளி மீட்டரை வைக்க வேண்டும். ஜன்னல், கதவு, ஏசியின் காற்று வீச்சு, வெயில் எதுவும் நேரே படக் கூடாது. ஆசிரியை மேசை வசதியாகத் தெரியும். ஆனால் அவர் குனிந்து நோட்டுத் திருத்துவது அங்கேதான். உள்சுவரில் ஓர் அலமாரியின் ஓரம் நல்லது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பதியும்படி அமைத்து, ஐந்து பள்ளி நாட்கள் விட்டுவிடுங்கள். மழைநாளும் வெயில்நாளும் ஒன்றாக இராது என்பதால் பருவம் மாறியபின் இன்னொரு வாரம்.

இதோடு ஒரு தாளும் வேண்டும். எத்தனை பேர் இருந்தார்கள், எப்போது வெளியே போனார்கள், எந்த ஜன்னல் திறந்திருந்தது, ஏசி ஓடியதா, எப்போது பெருக்கினார்கள். தாள் இல்லாத பதிவைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. “அன்று விளையாட்டு வகுப்பு, அறை காலி” என்று ஒருவர் சொன்னால் உங்கள் முழு வாரமும் போய்விடும்.

பதிவில் தேட வேண்டியது உச்சத்தை அல்ல. வகுப்பு தொடங்கியதும் கோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எங்கே படுத்துச் சமமாகிறது, இடைவேளையில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளை விநாடிக்குச் சுமார் 0.004 லிட்டர் கரியமில வாயு விடுகிறது. உங்கள் மகளின் அறையின் கொள்ளளவு 144 கன மீட்டர். அது முழுக்க அடைபட்டிருந்தால் 41 பேரின் மூச்சில் நிமிடத்துக்கு 70 பிபிஎம் வீதம் ஏறும். ஒரு பாடவேளை முடியும்வரை சமமாகாமல் ஏறிக்கொண்டே போகும் கோடு மிகக் குறைந்த காற்றோட்டத்தின் அடையாளம்.

பிள்ளைகள் போனபின் ஒரு சோதனை

எனக்குக் கேட்டால் முழு வாரப் பதிவிலும் மிகப் பயனுள்ள பகுதி மணி அடித்து எல்லாரும் போனபின் வரும் அரை மணி நேரம்தான். கதவு, ஜன்னல், ஏசி எல்லாம் பாடவேளையில் இருந்தபடியே இருக்கட்டும். ஐந்து நிமிடம் விடுங்கள், காற்று கலந்து சமமாகும். அப்போதைய எண்ணிலிருந்து வெளிக்காற்றின் எண்ணைக் கழியுங்கள். அந்த மிகுதி பாதியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பதிவில் பார்த்து, 42-ஐ அந்த நிமிடங்களால் வகுங்கள். கிடைப்பது, ஒரு மணி நேரத்தில் அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று எத்தனை முறை உள்ளே வருகிறது என்ற கணக்கு.

உதாரணமாக மாலை 2,420-இல் தொடங்குகிறது, வெளியே 420. மிகுதி 2,000. அது 1,000 ஆவதற்கு, அதாவது மீட்டர் 1,420 காட்டுவதற்கு, 30 நிமிடம் பிடித்தால் மணிக்கு 1.4 முறை. 144 கன மீட்டர் அறைக்கு இது விநாடிக்குச் சுமார் 56 லிட்டர், ஆளுக்கு 1.4 லிட்டர்கூட இல்லை. அமெரிக்காவின் ஆஷ்ரே (கட்டடக் காற்றோட்டப் பொறியாளர் சங்கம்) தரநிலை வகுப்பறைக்குக் கேட்பது விநாடிக்கு ஆளுக்கு 5 லிட்டர், அதோடு தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.6 லிட்டர். இந்த அறைக்கு மொத்தம் சுமார் 234. அதே மிகுதி 10 நிமிடத்தில் பாதியானால் மணிக்கு 4.2 முறை, விநாடிக்கு 168 லிட்டர். அந்த நிலையில் நாள் முழுக்க 41 பேர் இருந்தாலும் அளவு 1,430 அளவில் நின்றுவிடும்.

சோதனை கெடுவது பெரும்பாலும் மூன்று வழிகளில்: பெருக்க வந்தவர் உள்ளேயே நிற்பது, யாரோ கதவைத் திறந்து வைப்பது, ஆரம்ப எண்ணே 1,000-க்குக் கீழ் இருப்பது. மிகுதி 200-க்குக் கீழே போனபின் வரும் எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே கருவியின் பிழையே பெரிது.

பள்ளி சொல்லும் நான்கு காரணங்கள்

*ஏசி.* சாதாரண ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்து அங்கேயே விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டிக்குப் போவது வெப்பம்தான், காற்று அல்ல. சில மாடல்களில் வெளிக்காற்று வரும் குழாய் உண்டு. இருக்கிறதா, எவ்வளவு கொண்டுவருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சீலிங் ஃபேனும் இப்படித்தான்: கலக்கும், கொண்டுவராது.

*சுத்திகரிப்பான்.* ஹெப்பா எனும் நுண்துகள் ஃபில்டர் உள்ள கருவி தூசியையும் கிருமி சுமந்த துளிகளையும் நன்றாகப் பிடிக்கும். கரியமில வாயுவைத் தொடாது. மணிக்கு ஐந்து முறை அறைக்காற்றைச் சுத்தம் செய்ய இந்த அறைக்கு மணிக்கு 720 கன மீட்டர் திறன் வேண்டும். வீட்டுப் படுக்கையறைக்கென்று செய்த ஒரு கருவி அதற்குப் பக்கத்தில் வராது. பெட்டியில் அச்சிட்ட திறன் உச்ச வேகத்துக்கானது. அந்தச் சத்தத்தில் பாடம் நடத்த முடியாமல் ஆசிரியை வேகத்தைக் குறைத்துவிடுவார், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார். சற்றுப் பெரிய கருவி இரண்டை மெல்ல ஓடவிடுவது மேல். அயனி, ஓசோன் விடும் வகை வேண்டவே வேண்டாம்.

*செடிகள்.* நாசா 1989-இல் செய்த சோதனை அடைத்த சிறு பெட்டிகளில் நடந்தது. பின்னால், 2019-இல், அத்தகைய முடிவுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது, கட்டடத்தின் இயல்பான காற்றோட்டத்துக்கு ஈடாக ஆவிகளை அகற்றச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி தேவை என்று வந்தது. இந்த அறைக்கு 480 தொட்டி. பிள்ளைகளை வெளியே உட்காரவைக்க வேண்டியதுதான்.

*சாலைப் புழுதி.* இதை மட்டும் தள்ளிவிடாதீர்கள், நியாயமான கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியில் பிஎம் 2.5-க்கு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். உங்களுக்குக் கிடைத்த 38 என்ற கணநேர அளவை அதோடு நேராக ஒப்பிட முடியாது. ஒரே மாதிரி இரண்டு மீட்டரை ஒரே நேரத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள். முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஒரே எண் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே அதிகம், உள்ளே குறைவு என்றால் தூசி வெளியிலிருந்து வருகிறது; உள்ளே அதிகம் என்றால் பெருக்குவது, சாக்பீஸ், கொசுவத்தி என்று உள்ளே தேட வேண்டும். சாக்பீஸ் தூசி பெரும்பாலும் பெரிய துகள் என்பதால் பிஎம் 2.5 எண்ணில் அதிகம் தெரியாது. மழை ஈரத்தில் நுண்துகளை அளக்கும் லேசர் சென்சார்கள் கூட்டியே காட்டும்.

புழுதியும் மூச்சுக்காற்றும் இரண்டு தனிப் பிரச்சினைகள், ஒன்றின் மருந்து மற்றதற்கு ஆகாது. சாலைக்கு எதிர்ப்பக்க ஜன்னல்களையும் தாழ்வாரப் பக்க மேல் ஜன்னல்களையும் எப்போதும் சிறிது திறந்து வைத்து, தூசியைச் சுத்திகரிப்பானிடம் விடலாம். ஏசிக்குக் கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகும். “இடைவேளையில் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம்” என்று பள்ளி சொன்னால் வரவேற்றுக்கொள்ளுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். மணிக்கு 1.4 முறை மட்டும் காற்று மாறும் இந்த அறை, 420-இலிருந்து தொடங்கினாலும் 20 நிமிடத்தில் 1,500-ஐத் தாண்டிவிடும். நிலையான தீர்வு, ஃபில்டரோடு வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி. 1,500-க்குள் நிறுத்த விநாடிக்குச் சுமார் 160 லிட்டர், 1,000-க்குள் என்றால் 290. விசிறியின் மேல் எழுதியிருக்கும் அளவு தடையில்லாத காற்றுக்கானது. ஃபில்டரும் குழாயும் சேர்ந்தால் குறைந்துவிடும். பொருத்தியபின் மாலைச் சோதனையை மறுபடி செய்துதான் நம்ப வேண்டும். காற்றை இழுக்கும் இடம் கழிப்பறைக்கோ வண்டி நிறுத்தத்துக்கோ ஜெனரேட்டருக்கோ அருகில் இருக்கக் கூடாது.

ஆய்வகம் தேவையா

இப்போதைக்கு இல்லை. டிவிஓசி சிவப்பை மறந்துவிடுங்கள். எந்த ஆவி என்று சொல்லாத எண்ணால் யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. ஃபார்மால்டிஹைடு (புதுப் பலகை, பசையிலிருந்து வரும் எரிச்சலூட்டும் ஆவி) காட்டும் மலிவு மீட்டர்கள் சானிடைசருக்கும் எகிறும். புது மேசை, புது பலகைத் தடுப்பு, பெயின்ட் வந்தபின் கண் எரிச்சல் தொடங்கியிருந்தால் மட்டும், ஆவியை உறிஞ்சிப் பிடிக்கும் குழாய் வைத்து ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லலாம். ஃபார்மால்டிஹைடுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 30 நிமிடச் சராசரியாகக் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். பூஞ்சைக்குக் காற்று மாதிரி எடுப்பது பெரும்பாலும் வீண் செலவு. கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கு எட்டுகிறது என்றால் அதுவே போதும்: கசிவை அடைத்து, நனைந்ததை 48 மணி நேரத்துக்குள் உலர்த்த வேண்டும். ஏசியின் நீர்த்தட்டையும் வலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால், அதுவும் ஜெனரேட்டரோ சமையல் அடுப்போ இன்ஜினை அணைக்காத பேருந்தோ அருகில் இருந்தால், அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். இதுதான் உண்மையான விஷம். வாடையும் கிடையாது, உங்கள் கரியமில வாயு மீட்டர் அதைக் காட்டவும் காட்டாது. உடனே எல்லாரையும் வெளியே கொண்டுவந்து மருத்துவ உதவி கூப்பிட வேண்டும். அப்படிப்பட்ட பள்ளியில் தனியாக ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

புகார், அனுமதி, உங்கள் நிலை

பள்ளி கோபப்பட்டதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மற்றவர்களின் பிள்ளைகள் இருக்கும் அறையில் பதிவுக் கருவி வைக்கிறீர்கள். அதில் மைக்கோ கேமராவோ இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கண்டுபிடிக்கப்பட்டால் திட்டு வாங்குவதும் ஒரு பத்து வயதுப் பிள்ளைதான். சட்ட விவரங்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் ரகசியமாக, பைக்குள், அளவுத்திருத்தச் சான்று இல்லாத கருவியால் எடுத்த ஒரே எண் எங்கே போனாலும் எளிதில் உடைக்கப்படும். புகாரை இப்போது கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு இந்த ஓட்டையைக் கொடுப்பதாகும்.

முதலில், கருவி வைத்ததற்கு வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதுங்கள். அதே கடிதத்தில் மூன்றைக் கேளுங்கள்: ஏசிக்கு வெளிக்காற்று வழி உண்டா என்ற விவரம்; ஃபில்டரும் ஏசியும் சுத்தம் செய்த பதிவேடு; ஆசிரியை முன்னிலையில், எல்லாரும் பார்க்கும்படி, ஒரு வாரம் அளக்க அனுமதி. ஒப்பீட்டுக்கு ஜன்னல் திறந்திருக்கும் இன்னொரு வகுப்பறையையும் சேர்த்து அளக்கலாம் என்று முன்வையுங்கள். பள்ளிக்கும் இதில் இழப்பில்லை. எண் நன்றாக வந்தால் உங்களிடமே காட்டலாம். தனியாகக் கேட்பதைவிடப் பெற்றோர் நான்கைந்து பேர் கையெழுத்திட்டால் நல்லது. மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கல்வி அல்லது பொதுச் சுகாதார அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே அளவீட்டை நீட்டாதீர்கள். அளவுத்திருத்தம் செய்த கருவியோடு ஆய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கிடையில் மகளுக்காக ஒரு நாட்குறிப்பு: தலைவலி எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் குடித்தாள், முந்தைய இரவு எவ்வளவு தூங்கினாள், எந்த இடத்தில் உட்கார்ந்தாள். மூச்சிரைப்போ தொடர் இருமலோ இருந்தால் இந்த அளவீட்டுக்கெல்லாம் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். பார்வைப் பரிசோதனையும் இப்போதே செய்துவிடலாம், ஏனென்றால் கரும்பலகையை உற்றுப் பார்த்து வரும் தலைவலியும் பள்ளி நாட்களில் மட்டும்தான் வரும். அறையின் அளவு 1,500-க்குக் கீழே இறங்கி மூன்று வாரம் கழித்தும் தலைவலி நிற்கவில்லை என்றால், நாட்குறிப்போடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் காற்றைத் தொடர்ந்து குறை சொல்வது அவளுக்கு உதவாது.